மூன்று குடும்பங்கள் ஏன்? – பழைய நண்பனுக்கு ஒரு கடிதம்

பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் போடச் சொல். இங்கே எல்லாரும் சுகம். குற்றாலத்துச் சாரல் காற்று எங்கள் தெரு வரைக்கும் வந்துவிட்டது. ரிட்டையர் ஆன பிறகும் சனிக்கிழமைகளில் எம்.எஸ்சி. பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். மாடியில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறேன். பொழுது போவதே தெரிவதில்லை.

மகள் பிஎச்.டி.க்கு ஸ்டிரிங் தியரி (துகள்களெல்லாம் அதிரும் நுண்ணிய இழைகள் என்னும் கோட்பாடு) எடுக்கலாமா, அந்தத் துறை இன்னும் உயிரோடுதான் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். ஆமாம், இல்லை என்று ஒரு வரியில் முடிக்க மனசு வரவில்லை. ஹாஸ்டல் மொட்டை மாடியில் நாம் விடிய விடியப் பேசிய அந்தப் பழைய கேள்வியை வைத்தே பதில் சொல்கிறேன். இயற்கையின் அடிப்படைத் துகள்களில் அதே குடும்பம் ஏன் மூன்று முறை?

எலக்ட்ரான், அதன் நியூட்ரினோ, அப் குவார்க், டவுன் குவார்க். இந்த நாலு பேர் போதும். உப்பும் தண்ணீரும் சூரியனும் நீயும் நானும் இதிலேயே முடிந்துவிடுகிறோம். ஆனால் 1936-இல் காஸ்மிக் கதிர்களில் ஆண்டர்சனும் நெடர்மேயரும் மியூவானைக் கண்டார்கள். எல்லா வகையிலும் எலக்ட்ரான்தான், நிறை மட்டும் 207 மடங்கு. ‘இதை யார் கேட்டது?’ என்று இயற்பியலாளர் ராபி சொன்னதாக ஒரு கதை உண்டே, அது இதைப் பற்றித்தான். 1975-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்ட்டின் பெர்ல் குழு டாவ் துகளைப் பிடித்தது. அது கிட்டத்தட்ட 3,500 மடங்கு. குவார்க்குகளிலும் இதே கதைதான்: 1974-இல் சார்ம், 1977-இல் பாட்டம், 1995-இல் டாப். மின்னூட்டம் அதே, விசைகள் அதே, நிறை மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. நாலாவது குடும்பம் உண்டா என்றால், 1989-இல் ஜெனீவாவின் சேர்ன் ஆய்வகத்தில், மென்விசையைச் சுமக்கும் இசட் போசான் என்ற துகள் சிதைவதை அளந்து, லேசான நியூட்ரினோ வகைகள் மூன்றுதான் என்று காட்டிவிட்டார்கள்.

பொருளுக்கும் எதிர்ப்பொருளுக்கும் இடையே நாம் காணும் வித்தியாசம் குவார்க் கலப்பிலிருந்து வரவேண்டுமானால் குறைந்தது மூன்று குடும்பம் வேண்டும் என்று கோபயாஷியும் மஸ்காவாவும் 1973-இலேயே சொன்னார்கள். மூன்று இருந்தால் என்ன நடக்கும் என்பதை அது சொல்கிறது. ஏன் மூன்று என்பது அப்படியே நிற்கிறது.

இப்போது பெரும் ஒருங்கிணைப்புக்கு, அதாவது விசைகளை ஒன்றாக்கும் முயற்சிக்கு, வருகிறேன். 1974-இல் ஜார்ஜையும் கிளாஷோவும் எஸ்யூ(5) என்ற சமச்சீர்க் குழுவை (துகள்களை ஒன்றுக்கொன்று மாற்றும் விதிகளின் தொகுப்பு) எடுத்து, வலுவிசை, மென்விசை, மின்காந்த விசை மூன்றையும் அதற்குள் வைத்தார்கள். நம் ஊர்க்காரர் என்று சொல்லத்தக்க ஜோகேஷ் பதியும் அப்துஸ் சலாமும் அதே ஆண்டில் வேறு வழியில் அந்த இடத்தை நெருங்கினார்கள். எஸ்யூ(5)-இன் அழகை உன் மகளுக்கு நீயே ஒரு தாளில் போட்டுக் காட்டலாம். நாலு பேரையும் நிறம் (வலுவிசைக்கான மின்னூட்டம் மாதிரி, மூன்று வகை), இடக்கை–வலக்கைச் சுழற்சி என்று பிரித்து எண்ணினால் வரும் ஒரு குடும்பத்தின் பதினைந்து நிலைகள் ஐந்தாகவும் பத்தாகவும் பிரிந்து உட்காருகின்றன. அந்த ஐந்து யார் யார்? மூன்று நிறங்களில் எதிர்-டவுன் குவார்க், ஒரு எலக்ட்ரான், ஒரு நியூட்ரினோ. ஐந்து பேரின் மின்னூட்டத்தையும் கூட்டினால் பூஜ்யம் வந்தாக வேண்டும் என்பது குழுவின் விதி. நியூட்ரினோவுக்கு மின்னூட்டம் இல்லை, எலக்ட்ரானுக்கு −1. ஆகவே எதிர்-டவுன் ஒவ்வொன்றுக்கும் சரியாக +1/3. குவார்க்கின் மின்னூட்டம் மூன்றில் ஒரு பங்காக இருப்பது நிறங்கள் மூன்று என்பதால்தான்! ஹைட்ரஜன் அணுவில் புரோட்டானும் எலக்ட்ரானும் இம்மி பிசகாமல் சமன் செய்துகொள்வதும் இங்கிருந்தே வருகிறது. இதை முதன்முதலில் கரும்பலகையில் போட்டுப் பார்த்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. எஸ்ஓ(10) இன்னும் ஒரு படி மேலே: பதினைந்தும், கூடவே ஒரு வலக்கை நியூட்ரினோவும், பதினாறாக ஒரே வீட்டுக்குள் வந்துவிடுகின்றன.

ஆனால் பார், இதெல்லாம் ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் ஒற்றுமை. குடும்பம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதைப் பற்றி எஸ்யூ(5) வாயே திறப்பதில்லை. மூன்று வேண்டுமா, மூன்று தடவை எழுதிக்கொள் என்கிறது. அது இடறுவதும் அங்கேதான். மிகப் பெரிய ஆற்றலில் டாவும் பாட்டமும் ஒரே நிறையில் இருக்க வேண்டும் என்று அது சொன்னது ஓரளவுக்குச் சரியாக வந்தது. அதே கணக்கை மற்ற குடும்பங்களுக்கும் போட்டால், மியூவானுக்கும் எலக்ட்ரானுக்கும் உள்ள விகிதமே ஸ்ட்ரேஞ்ச் குவார்க்குக்கும் (இரண்டாம் குடும்பத்தின் டவுன் அது) டவுனுக்கும் வர வேண்டும். முதலாவது 207, இரண்டாவது ஏறக்குறைய 20. பத்து மடங்கு தப்பு. ஒட்டுப்போட வழிகள் கண்டுபிடித்தார்கள். ஆனாலும் குடும்பங்களைப் பற்றி நமக்கு ஏதோ அடிப்படையிலேயே தெரியவில்லை என்பதைத்தான் நான் இதில் படிக்கிறேன்.

இந்த இடத்தில் உன் அப்பாவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எஸ்யூ(5) சொன்ன இன்னொன்று, புரோட்டான் சாகும் என்பது. அதைப் பார்க்க முதலில் கடை விரித்த இடங்களில் ஒன்று நம் கோலார் தங்க வயல். 1965-இல் வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களை உலகில் முதன்முதலில் பதிவுசெய்த இரண்டு சுரங்கங்களில் அதுவும் ஒன்று, இன்னொன்று தென்னாப்பிரிக்காவில். 1980 வாக்கில் டாடா ஆய்வு நிறுவனத்தாரும் ஜப்பானியர்களும் இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே 140 டன் இரும்பை அடுக்கி, புரோட்டான் சிதைகிறதா என்று காத்திருந்தார்கள். ‘கேஜில் எங்களோடு பம்பாய் சாருங்களும் பெட்டியைத் தூக்கிக்கிட்டு இறங்குவாங்க, கீழே அனல் தாங்காது, ஆனா ஒருத்தரும் முகம் சுளிச்சதில்லை’ என்று உன் அப்பா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. வட ஆர்க்காட்டிலிருந்து போய் அந்தப் பாறையைக் குடைந்த நம் ஜனங்கள் இல்லாமல் அந்த ஆய்வு ஏது? அங்கே சில நிகழ்ச்சிகள் புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று அறிவித்தார்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வைத்த பெரிய தண்ணீர்த் தொட்டிகளில் அது தென்படவில்லை. எளிய எஸ்யூ(5) அதோடு போயிற்று. இன்றைக்கு 50,000 டன் தண்ணீர் வைத்திருக்கும் ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே தொட்டி, புரோட்டான் பாசிட்ரானும் (எலக்ட்ரானின் எதிர்த்துகள்) பையான் என்ற லேசான துகளுமாகச் சிதைவதானால் அதன் ஆயுள் 1-க்குப் பின்னால் 34 சுழியம் போட்ட ஆண்டுகளுக்கும் மேல் என்கிறது. புரோட்டானைப் பார்க்கக் கட்டிய தொட்டிகள் சூப்பர்நோவாவின் நியூட்ரினோவையும், நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பதையும் கண்டுபிடித்துக் கொடுத்தன. தேடியது மட்டும் இன்னும் அகப்படவில்லை.

ஸ்டிரிங் தியரி உள்ளே வருவது 1984–85-இல். கிரீனும் ஷ்வார்ஸும் கோட்பாட்டின் உள்முரண் நீங்குவதைக் காட்டினார்கள். அடுத்து பிரின்ஸ்டனில் கிராஸ், ஹார்வி, மார்டினெக், ரோம் நால்வரும் ஹெட்டரோடிக் இழை என்ற ஒரு வகை ஸ்டிரிங் கோட்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அதில் இ8 என்ற மிகப் பெரிய குழு தானாகவே வந்து நிற்கிறது. அதற்குள் இ6, அதற்குள் எஸ்ஓ(10), அதற்குள் எஸ்யூ(5). பத்துப் பரிமாணங்களில் ஆறைச் சுருட்டி மறைக்க வேண்டும், அதற்குத் தோதானவை கலாபி–யாவ் வெளிகள் என்ற ஆறு பரிமாண வடிவங்கள் என்று காண்டெலாஸ், ஹோரோவிட்ஸ், ஸ்ட்ரோமிஞ்சர், விட்டன் காட்டினார்கள். அந்தக் கட்டுரையில்தான் நம் கேள்விக்கு முதன்முறையாக ஒரு பதிலின் வடிவம் கிடைத்தது: குடும்பங்களின் எண்ணிக்கை, சுருண்ட வெளியின் ஆய்லர் எண்ணில் (வெளியின் மொத்த உருவத்தைக் குறிக்கும் ஒரு முழு எண்) பாதி. குறியை விட்டுவிடு. குடும்ப எண்ணிக்கையை நாம் கையால் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை, வெளியின் வடிவமே அதைத் தீர்மானிக்கிறது.

ஓர் ஐந்தாம்படிச் சமன்பாட்டால் கிடைக்கும் மிக எளிய வெளிக்கு ஆய்லர் எண் −200. அப்படியானால் நூறு குடும்பம்! யாவும் அவர் மாணவர் தியானும் −18 உள்ள ஒரு வெளியைக் கட்டி, அதை மூன்றாக மடித்து −6 ஆக்கினார்கள். பாதி போட்டால் மூன்று.

இதைவிட எனக்குப் பிடித்தது வேறொரு வழி. உன் மனைவியிடம் வாசலில் இடுக்குப் புள்ளி வைக்கச் சொல். அடுத்தடுத்த நாலு புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு சாய்சதுரம், அதற்குள் இரண்டு சமபக்க முக்கோணம். எதிரெதிர்ப் பக்கங்கள் ஒன்றேதான் என்று வைத்துக்கொள். இப்போது ஒரு புள்ளியைப் பிடித்துத் தளம் முழுவதையும் 120 பாகை சுழற்று. இடம் மாறாமல் நிற்பவை மூன்றே: அந்தப் புள்ளி, இரண்டு முக்கோணங்களின் நடுமையங்கள். இப்படி மூன்று தளங்களைச் சேர்த்து மடித்தால் ஆறு பரிமாணம் ஆயிற்று, 27 நிலைப்புள்ளிகள். அங்கே இழைகள் மாட்டிக்கொண்டு துகள்களாகத் தெரிகின்றன. 1987-இல் இபான்யெஸ், கிம், நில்லஸ், கெவேடோ நால்வரும் இரண்டு தளங்களின் புள்ளிகளை வில்சன் கோடுகளால் (சுருண்ட வெளியைச் சுற்றி வைக்கும் ஒரு வகை விசைப்புலம்) வேறுபடுத்தினார்கள். மூன்றாவது தளத்தின் மூன்று புள்ளிகள் மட்டும் ஒன்றுபோலவே நின்றன. மூன்று குடும்பம். எலக்ட்ரானும் மியூவானும் டாவும் ஒரே ஆள், வேறு வேறு புள்ளியில் உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துப் பார். நிறை தவிர மற்றதெல்லாம் ஏன் ஒன்றாக இருக்கிறது என்பது சட்டென்று விளங்கிவிடுகிறது.

ஆனால் அந்த 120 பாகையைத் தேர்ந்தது மனிதன். வேறு கோணம், வேறு வெளி எடுத்தால் வேறு எண். கலாபி–யாவ் வெளிகளைக் கட்ட உதவும் பன்முகிகளின் பட்டியலை கிரோய்சரும் ஸ்கார்க்கேயும் 2000-இல் முடித்தபோது அதில் 47 கோடிக்கும் மேல் இருந்தன. 2019-இல் ஒரு குழு, மூன்று குடும்பம் சரியாக வரும் தீர்வுகள் மட்டுமே 1-க்குப் பின்னால் 15 சுழியம் அளவுக்கு இருக்கின்றன என்று காட்டியது. அதனால் எங்கள் மாதிரியில் மூன்று வந்துவிட்டது என்று யார் சொன்னாலும் நான் இப்போது அசைவதில்லை. உன் மகளும் அசையக் கூடாது.

என்னை அசைப்பது நிறைகள். எலக்ட்ரானுக்கும் டாப் குவார்க்குக்கும் மூன்று லட்சம் மடங்குக்கு மேல் வித்தியாசம். ஸ்டிரிங் தியரியில் ஒரு துகளின் நிறை, மறைந்த வெளியில் அதன் அலையும், துகள்களுக்கு நிறை கொடுக்கும் ஹிக்ஸின் அலையும் எவ்வளவு மேற்பொருந்துகின்றன என்பதைப் பொறுத்தது. கொஞ்சம் தள்ளி நின்றால் போதும், எண் மடமடவென்று சரிந்துவிடும். இவ்வளவு பெரிய வித்தியாசம் இயல்பாக வர இதுவே போதும். கணக்கிடுவதுதான் பாடு. குடும்பங்களை எண்ண வெளியின் மொத்த உருவம் தெரிந்தால் போதும், நீள அகலம் தேவையில்லை. நிறைக்கோ, ஒவ்வொரு இடத்திலும் வெளி எப்படி வளைகிறது, எவ்வளவு தூரம் என்று தெரிய வேண்டும். அப்படி ஒரு அளவு உண்டு என்று யாவ் 1970-களிலேயே நிரூபித்துவிட்டார். ஆனால் வெளிப்படையான சூத்திரம் இன்றுவரை யார் கையிலும் இல்லை.

இந்த இடத்தில்தான் இப்போது வேலை நடக்கிறது. நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கி அந்த அளவை எண்ணாகவே வரவழைத்து, 2024-இல் தனித்தனியே இரண்டு குழுக்கள் ஹெட்டரோடிக் மாதிரிகளில் குவார்க் நிறைகள் வரை கணக்கிட்டன. உண்மை உலகத்தின் நிறைகளோடு அவை ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகவில்லை என்று சொல்ல முடிகிறதே, அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். முன்பெல்லாம் தப்பு என்று சொல்லக்கூட எண் இருக்காது.

அதனால் என் பதில் இது. அவளுக்கு மனசு இருந்தால் எடுக்கட்டும். ஆனால் சேரும் இடத்தில் யாராவது நிறைக் கணக்கில் கைவைத்திருக்கிறார்களா என்று விசாரிக்கட்டும். வடிவியல் நன்றாகப் படிக்க வேண்டும், கம்ப்யூட்டரில் கை பழக வேண்டும், நியூட்ரினோ ஆய்வு முடிவுகளையும் புரோட்டான் தேடலையும் விடாமல் கவனிக்க வேண்டும். ஜப்பானில் இரண்டரை லட்சம் டன்னுக்கு மேல் தண்ணீர் கொள்ளும் ஹைப்பர் கமியோகாண்டே கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவள் பிஎச்.டி. முடிக்கும் முன் அதிலிருந்து ஏதாவது சேதி வரலாம். சென்னை கணித அறிவியல் நிறுவனம், உங்கள் பெங்களூரிலேயே இருக்கும் சர்வதேசக் கோட்பாட்டு அறிவியல் மையம் (ஐசிடிஎஸ்) இரண்டுக்கும் எழுதிப் பார்க்கட்டும். சம்பளம், வேலை பற்றி நீ கவலைப்படுவது நியாயம்தான். இந்த எண்முறைக் கணக்கில் பழகிய பிள்ளைக்கு வேறு கதவுகளும் திறக்கும் என்பது என் நம்பிக்கை.

பொங்கல் லீவில் ஒரு வாரம் அவளை இங்கே அனுப்பி வை. வருவதற்குள் ஒரே ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டு வரட்டும்: ஐந்து மாறிகளில் ஐந்தாம்படி உறுப்புகள் 126. அதில் 25-ஐக் கழித்தால் 101. ஏன் 25-ஐக் கழிக்கிறோம், அந்த 101-இலிருந்து −200 எப்படி வருகிறது? விடை வந்தாலும் வராவிட்டாலும் நோட்டை எடுத்துவரச் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்