ஞாயிறு ஷூட்டிங்: பேய் வேலை இருக்கிறது

எல்லோருக்கும் வணக்கம். நம் பேய்ப் படத்தின் ஷூட்டிங்குக்கு ஞாயிறு காலை 5 மணிக்குச் சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவில் கூடுகிறோம். ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. போன தடவை போல வயிறு முட்டச் சாப்பிட்டு வந்து, பேய் வருவதற்கு முன்பே வாந்தி எடுக்க வேண்டாம்.

வெயில் ஏறினால் பனி கலைந்துவிடும். காசில்லாத நமக்கு அதுதான் புகை மெஷின், எனவே அரக்கி வரும் காட்சிகள்தான் முதலில்.

அரக்கி இந்த முறையும் அத்தைதான். முகமூடிக்குப் பழைய பேப்பரைக் கிழித்து, மரவள்ளி மாவில் காய்ச்சிய பசையில் நனைத்து, பலூன் மேல் ஏழு அடுக்கு ஒட்டினேன். (ஜவ்வரிசி ஊரில் பசைக்கா பஞ்சம்!) இடது காது இன்னும் ஈரம், யாரும் தொடாதீர்கள். ரத்தம் வெல்லப்பாகும் சிவப்புக் கேசரி பவுடரும். கொஞ்சம் காபி டிகாக்‌ஷன் விட்டால்தான் நிறம் கருக்கிறது, இல்லாவிட்டால் ரோஸ்மில்க்தான். எறும்பு மொய்க்கும், ஈரத்துணி கொண்டு வாருங்கள்.

போகிற வழியில், நூற்றுக்கும் மேல் படம் எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவின் நுழைவாயில் வளைவு முன் ஒரு குரூப் போட்டோ உண்டு.

அப்புறம், காபித் தோட்டத்துக்குள் கேட்காமல் நுழையக் கூடாது. பவர் பேங்க் யாரிடம் இருக்கிறது? இன்றைக்கே சொல்லுங்கள்.