முடிவைச் சொல்லிவிடு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தியை வீட்டில் இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். மூட்டு வலிக்கு மட்டும் என்னிடம் வைத்தியம் கேட்காதே, நானும் அதே கட்சி.

'நல்ல படமாச்சே, பாதியில் ஏன் எழுந்து போனாய்?' என்று கேட்டிருந்தாய். இதற்கு பதில் எழுதத்தான் இத்தனை நாள் ஆனது.

விபத்துக் காட்சியை முழுசாகப் பார்த்தேன். ரத்தம், அலறல், கண்ணாடிச் சில் எதுவும் என்னை அசைக்கவில்லை. வரப்போகிறது என்று பின்னணி இசையே முன்கூட்டிக் காட்டிக்கொடுத்துவிட்டது, நானும் பல்லைக் கடித்துத் தயாராகிவிட்டேன். எல்லாம் ஓய்ந்தபின் கவிழ்ந்த காரில் இண்டிகேட்டர் மட்டும் டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்ததே, அங்கேதான் விழுந்தேன். என்னை வெளியே இழுக்க ஆள் வரும்வரை என் காரிலும் அந்தச் சத்தம்தான் இருந்தது. தியேட்டரில் அது நாலு பக்கமிருந்தும் வந்தது. உள்ளங்கை நனைந்துவிட்டது. தோளில் சீட் பெல்ட் இறுக்கியது. தியேட்டர் நாற்காலியில் ஏது பெல்ட்! என் விபத்து நடந்து பன்னிரண்டு வருஷமானது எனக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியவில்லை.

1998-ல் 'சேவிங் பிரைவேட் ரயன்' என்ற இரண்டாம் உலகப்போர்ப் படம் வந்தபோது, நிஜப் போரைப் பார்த்த முதியவர்கள் சிலர் அதில் வரும் கடற்கரைச் சண்டையைத் தாங்க முடியாமல் எழுந்து போனார்களாம். அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை அவர்களுக்கென்று தொலைபேசி உதவியே ஏற்பாடு செய்தது. 1944-ல் நடந்த சண்டை! 54 வருஷம் கழித்தும் அவர்களுக்கு அப்படி என்றால் நான் எம்மாத்திரம்.

இந்த மாதிரி அதிர்ச்சிக்கான மனநலச் சிகிச்சையிலும் பழைய நினைவைத் திரும்பத் திரும்பச் சொல்லத்தானே வைக்கிறார்கள், படமும் அதைத்தானே செய்கிறது என்று நீ கேட்பாய், உன்னை எனக்குத் தெரியாதா! சிகிச்சையில் ஒவ்வொரு படியாக ஏறுவோம். நான் 'போதும்' என்றால் நிற்கும். பயம் ஏறி, தானாக இறங்கும்வரை எதிரில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். படத்தில் பயம் உச்சிக்கு ஏறும்போது காட்சி வெட்டி, அடுத்த பாட்டு தொடங்கிவிடுகிறது. இறங்க இடமே இல்லை.

அதைவிட எரிச்சல், குணமாவதைக் காட்டும் லட்சணம். மழையில் நின்று ஓவென்று ஒரு அழுகை, மறுநாள் காலை ஆள் புதுசு. நான் மறுபடி ஸ்டியரிங்கைத் தொடவே ஒன்றரை வருஷம் ஆனது. அதில் காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்பதும் வாஸ்தவம். நின்ற காரில் சாவி போடாமல் பத்து நிமிஷம் உட்கார்ந்திருப்பதை எந்த இயக்குநர் எடுப்பார்?

முன்னெச்சரிக்கை போட்டால் என்ன என்கிறாய். அதற்கும் ஆராய்ச்சி இருக்கிறது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2023-ம் வருஷக் கட்டுரை ஒன்று, அந்த எச்சரிக்கை வேதனையைக் குறைப்பதில்லை, பார்ப்பதற்கு முன் பதற்றத்தைத்தான் கூட்டுகிறது என்கிறது. சிரிப்புதான் வந்தது. 'வன்முறைக் காட்சிகள் உண்டு' என்று போடுவார்கள், 'இண்டிகேட்டர் சத்தம் உண்டு' என்று யார் போடப்போகிறார்கள்?

இவ்வளவு திட்டினாலும் அந்தப் படத்துக்கு ஒரு கடன் பட்டிருக்கிறேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பின்னாலேயே வந்து, ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தச் சத்தத்தைப் பற்றி அன்றைக்குத்தான் அவளிடம் முதன்முதலாகச் சொன்னேன். எலும்பு முறிந்த கதையை ஆயிரம் தடவை கேட்டவள், இதைக் கேட்டதில்லை. 'அதனால்தான் திருப்பத்தில் ரேடியோவைச் சத்தமாக வைக்கிறீர்களா?' என்றாள். நான் அப்படிச் செய்கிறேன் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

மீதிப் படத்தை வீட்டில் பார்க்கலாம் என்றிருக்கிறேன், ரிமோட் என் கையில், விளக்கைப் போட்டுக்கொண்டு. முடிவை முன்னாலேயே சொல்லிவிட்டாய் என்று ஒரு காலத்தில் உன்னோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தவன் நான். இப்போது நானே கேட்கிறேன், முடிவை முழுசாக எழுது. அந்தக் கார் மறுபடி வருகிறதா, வந்தால் ஏறக்குறைய எத்தனையாவது நிமிஷம் என்பதையும் குறித்து அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி