இனி ரெடிமேட் மனு கிடையாது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

தருமபுரி கலெக்டர் ஆபீஸ் பக்கம் வந்து போகிறவர்களுக்கு எங்கள் கடையைத் தெரிந்திருக்கும். ஜெராக்ஸ், தட்டச்சு, மனு எழுதுவது, இதுதான் தொழில். ரோடு, குவாரி என்று எதற்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தாலும், பெயரையும் ஊரையும் மட்டும் காலியாக விட்ட மனு ஒன்றை அடித்து அடுக்கி வைத்திருப்போம். ஐந்து ரூபாய் கொடுத்து வாங்கிப் போவீர்கள். இந்த மாதத்தோடு அதை நிறுத்திவிட்டோம்.

காரணம் ஒரு அக்கா. எங்கள் மனுவோடு கூட்டத்துக்குப் போனவரிடம், "உங்க ஊர்ல ஏரி எங்கம்மா இருக்கு?" என்று அதிகாரி கேட்டிருக்கிறார். அந்த ஊரில் ஏரியே கிடையாது. முந்தின வாரம் வேறு ஊருக்கு அடித்த வரி அப்படியே தங்கிவிட்டது. அவர் சொல்ல நினைத்தது வேறு: ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிணறு, இந்தப் பக்கம் கொல்லை, ரோடு அகலமானால் தண்ணீர்க் குழாய் எப்படிக் கடக்கும்? நியாயமான கேள்வி, கூட்டத்தில் எழும்பவே இல்லை. தப்பு எங்களுடையது.

திட்டத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும் முன் மக்கள் கருத்தைக் கேட்கத்தான் இந்தக் கூட்டம், ஓட்டெடுப்பு இல்லை. 2006-ம் ஆண்டு மத்திய அரசின் சுற்றுச்சூழல் அறிவிக்கையின்படி, கூட்டத்துக்கு 30 நாள் முன்பே நாளிதழில் விளம்பரம் வர வேண்டும். சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வறிக்கையின் சுருக்கம் தமிழில் கலெக்டர் ஆபீஸிலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும். முழுக் கூட்டத்தையும் வீடியோ எடுக்க வேண்டும், பேசியதன் சுருக்கத்தை முடிவில் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் என்ற கணக்கும் கிடையாது, பத்துப் பேர் வந்தாலும் நடத்திவிடலாம். நேரில் வர முடியாதவர்கள் எழுத்தில் கொடுக்கலாம். எழுப்பிய கேள்விகளுக்குத் திட்டக்காரர் பதில் சொல்லியாக வேண்டும். ஒரே மனு நூறு வந்தாலும் அங்கே அது ஒரே கேள்விதான்.

இன்னொன்று, கூட்டம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சேலம்–சென்னை எட்டு வழிச்சாலை விஷயத்தில் நிலமெடுப்பு அறிவிப்பைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்து செய்தது அரூர், பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்களுக்கு நினைவிருக்கும். 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அந்த அறிவிப்புக்கு முன்பே சுற்றுச்சூழல் அனுமதி வேண்டியதில்லை, வேலை தொடங்கும் முன் வாங்கினால் போதும் என்றது. அதாவது, கருத்துக் கேட்கும் முன்பே உங்கள் கொல்லையில் அளவுக்கல் நட்டிருக்கலாம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் தம்பிகள் சிலர், நம் பக்கம் பேருந்துக்குத் தனித்தடம் போட்டால் அதற்கும் கூட்டம் உண்டா என்று கேட்கிறார்கள். அந்த 2006 அறிவிக்கையின் பட்டியலில் பேருந்துத் தடம் என்று தனியாக ஒன்று இல்லை. கர்நாடகாவில் ஹூப்ளி–தார்வாட் நடுவே சுமார் 22 கிலோமீட்டருக்கு 2018 முதல் அப்படி ஓடுகிறது. அதற்கு உலக வங்கி உதவி இருந்ததால், வங்கியின் விதிப்படி சுற்றுச்சூழல், சமூக பாதிப்பு ஆய்வுகள் நடந்தன. டெல்லியில் 2008-ல் போட்ட தடத்தை 2016-ல் எடுத்தே விட்டார்கள். இரண்டு இடத்திலும் பேருந்து மேடை நடு ரோட்டில். ஏற, இறங்க பாதி ரோட்டைக் கடக்க வேண்டும். நம் ஊரில் வந்தால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் பிள்ளைகள் எங்கே கடப்பார்கள்? புளியமரங்களைப் பற்றி அப்புறம் கேட்பேன். கேட்காமல் விடமாட்டேன்.

சரி, இனி எப்படி? பட்டா, சிட்டா நகல் கொண்டு வாருங்கள். கிணறு, குழாய், மரம், கோயில், வாசல், எது அடிபடும் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். ரோட்டிலிருந்து எத்தனை அடி என்று அளந்து வந்தால் இன்னும் நல்லது. நீங்கள் சொல்வதையே ஒரு பக்கத்தில் அடித்து, வாசித்துக் காட்டிய பிறகுதான் கையெழுத்து வாங்குவோம். பக்கத்துக்கு 30 ரூபாய். ஐந்து எங்கே, முப்பது எங்கே என்று கேட்பீர்கள். ஆளுக்கு அரை மணி நேரம் ஆகிறது, அதுதான் கணக்கு. மனு கொடுத்ததற்கு ஒப்புகை வாங்க மறக்காதீர்கள், அதன் நகலை இலவசமாக எடுத்துத் தருகிறோம்.

திங்கட்கிழமை மட்டும் வேண்டாம். அன்று குறைதீர் கூட்டம், கடையில் நிற்க இடம் இருக்காது. செவ்வாயிலிருந்து வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.

இப்படிக்கு,
தட்டச்சு, ஜெராக்ஸ் கடையிலிருந்து
தருமபுரி