விடுப்பு முடிந்த பிறகுதான் பெரும்பாடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேறுகால விடுப்பு 2017-இல் 12 வாரத்திலிருந்து 26 வாரமானதை உங்கள் கட்டுரை பாராட்டியிருந்தது. சரி, பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதில் எட்டு வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். கால் வீங்கி, ரத்த அழுத்தம் ஏறியவள் எடுத்துத்தான் ஆக வேண்டும். மிச்சம் 18 வாரம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னவர்கள் செவிலியர்களான நாங்கள். ஆனால் குழந்தைக்கு நாலு மாதம் முடிந்ததுமே அவள் வேலைக்குக் கிளம்பிவிடுவாள்.

திருப்பூர்ப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். பனியன் கம்பெனிக்குத் திரும்பிய தாய்மார்கள் சில நாளிலேயே பால் கட்டிக்கொண்டு வருவார்கள். மார்பு கல்லாக இறுகியிருக்கும், கை வைக்க விடமாட்டார்கள், குளிர்ஜுரம் வேறு. பாத்ரூமில் பீய்ச்சிக் கொட்டிவிட்டு மெஷினுக்கு ஓடுவதாகச் சொல்வார்கள். கட்டிய பால் வெளியேறாவிட்டால் சீழ் வைத்து, கீறி எடுக்கும் அளவுக்குப் போகலாம். சுரப்பும் குறைந்துவிடும். வீட்டில் பாட்டி புட்டிப்பாலை எடுப்பார், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வரும். அடிக்கடி எழுந்து போனால் சூப்பர்வைசர் முறைப்பார் என்று தண்ணீரே குடிக்காமல் இருந்து, நீர்க்கடுப்போடு வந்தவர்களும் உண்டு. பச்சை உடம்பு தாங்குகிற காரியமா இது?

சட்டத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்டத் தினமும் இரண்டு இடைவேளை தர வேண்டும். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் தினமும் நாலு முறை போய்ப் பார்த்து வரலாம். பேறுகாலப் பயன் சட்டத்தில் இருந்த இவை, 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கின்றன. ஆனால் 'காப்பகம்' என்று போர்டு மாட்டிய அறைக்குள் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலை முதல் ஓராண்டு பேறுகால விடுப்பு. அதையே தனியாருக்கும் கேட்டால், கூடுதல் மாதங்களின் சம்பளம் முதலாளி தலையில் விழும் என்பதால் கல்யாணமான பெண்ணை வேலைக்கே எடுக்கமாட்டார்கள். இப்போதுள்ள 26 வாரத்துக்கோ, மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு விடுப்புச் சம்பளத்தை இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு கொடுத்துவிடுகிறது. அப்படியிருக்க, தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும் பால் எடுத்து வைக்கச் சின்ன ஃபிரிட்ஜும் கேட்பது பெரிய செலவா?

ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன், காப்பகத்தைத் திறக்கச் சொல்லி உள்ளே எத்தனை குழந்தைகள் இருக்கின்றன என்று எண்ணட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருப்பூர் மாவட்டம்.