அமில நீக்கி புட்டிகளில் தமிழ் எச்சரிக்கை தேவை

ஆசிரியருக்கு,

மருந்துச் சீட்டின்றி வாங்கும் மருந்துகளின் ஆபத்து குறித்துத் தங்கள் நாளிதழ் வெளியிட்ட கட்டுரை வலி நிவாரணிகளோடு நின்றுவிட்டது. 'மில்க் ஆஃப் மக்னீசியா' எனப்படும் அமில நீக்கியான மெக்னீசியம் ஹைட்ராக்சைடையும் அதில் சேர்த்திருக்க வேண்டும். 5 மி.லி.யில் 400 மி.கி. மருந்துள்ள வழக்கமான திரவத்தில் 5 முதல் 15 மி.லி. வரை இரைப்பை அமிலத்தைத் தணிக்கும், 30 மி.லி. அல்லது அதற்கு மேல் குடித்தால் குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியாக்கும். புட்டியைக் குலுக்காமல் ஊற்றினால் முதலில் நீர்த்த திரவமும் கடைசியில் அடியில் தங்கிய கெட்டிக் குழம்புமே வரும். அளவுக் குவளை இருந்தும் பயனில்லை.

உண்மையான ஆபத்து சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்குத்தான். உடலில் சேரும் மெக்னீசியத்தைச் சிறுநீரகமே வெளியேற்றுகிறது. அது இயலாதபோது ரத்தத்தில் தேங்கி, தசைத் தளர்ச்சி, ரத்த அழுத்த வீழ்ச்சி, இதயத் துடிப்புக் குறைவு வரை கொண்டுசெல்லும். முதியோருக்கு இது இன்னும் கவலைக்குரியது. இந்த அமில நீக்கியை சிப்ரோஃப்ளாக்சசின், டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளோடோ இரும்புச்சத்து மாத்திரைகளோடோ சேர்த்து விழுங்கினால் அம்மாத்திரைகள் உடலில் சேர்வதும் குறைகிறது. தைராய்டு மாத்திரைக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். ஆனால் மருந்துக்கடைகளில் ஆன்டிபயாட்டிக்கும் அமில நீக்கியும் ஒரே உறையில், இடைவெளி பற்றி ஒரு சொல்லும் இன்றித் தரப்படுவதை அன்றாடம் காண்கிறோம். சிறுநீரக நோய் உண்டா, வேறென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்ற இரு கேள்விகளைக் கடைக்காரர் கேட்பதைக் கட்டாயமாக்கி, புட்டியின் முகப்பிலேயே எச்சரிக்கையைத் தமிழில் அச்சிட மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆணையிட வேண்டும்.

மருந்தாளுநர், மதுரை