ஹேர்மிஸ் பாக்கப் போறன் எண்ட பிள்ளைக்கு

அன்பு மகள்,

நீ தம்பிக்கு அனுப்பின லிஸ்ட்டை அவன் எனக்குக் காட்டினவன், அவனைப் பேசாத, நான்தான் விடாமக் கேட்டு வாங்கிப் பாத்தனான். டிசம்பரில வாறியாம், ரெண்டு சிநேகிதப் பிள்ளையளோட, டைவ் பண்ண. ஹிக்கடுவ, உனவட்டுன, கொழும்புக் கப்பல் எண்டு எழுதிப்போட்டு கடைசியில ஹேர்மிஸ், மட்டக்களப்புக்கு நேர கடலுக்கு அடியில கிடக்கிற அந்தப் பழைய போர்க்கப்பல், எண்டு எழுதி கேள்விக்குறி போட்டிருக்கிறாய். அந்தக் கடைசிப் பேரைக் கண்டாப் பிறகு எனக்கு வேற ஒண்டும் ஓடேல்லை. பெரியக்காவின்ர பேத்திக்குப் பேர் வச்சது, பின்வளவு மாமரம் விழுந்தது எல்லாம் எழுதத்தான் இருந்தன், அது பிறகு.

மாசத்தை நீ பாக்கேல்லையோ? இஞ்ச பிறந்து வளந்த பிள்ளைக்கு டிசம்பரில திருகோணமலைக் கடல் எப்பிடிக் கிடக்கும் எண்டு நான் சொல்லித்தான் தெரியோணுமே. வாடைக்காத்தும் மழையும் தொடங்கினா ஆத்துத் தண்ணியெல்லாம் வந்து சேந்து கடல் கலங்கிப்போய்க் கிடக்கும், நிலாவெளியில டைவ் போட்டுகளைக் கரையில ஏத்தி மூடிக் கட்டிப்போடுவாங்கள், மட்டக்களப்பும் அதே கதிதான். கிழக்கில கடல் அடங்கிறது ஏப்ரல் கடைசி, மே தொட்டு செப்டம்பர் மட்டும். அந்த மாசங்களில சோழகம் தெற்கிலயும் மேற்கிலயும் போய் அடிக்கும், எங்களுக்கு நாடே மறைப்பு. நவம்பரில இருந்து ஏப்ரல் மட்டும் அப்பிடியே மறுவளம், காலி, ஹிக்கடுவ, கற்பிட்டி எல்லாம் அப்பதான். அதால உன்ர லிஸ்ட்டில மேல எழுதின மூண்டுக்கும் டிசம்பர் சரி, கடைசிக்குச் சரிவராது. காசுக்காக ஆராவது கூட்டிக்கொண்டு போறன் எண்டாலும் போகாத.

தெற்கு எண்டாப் போ, நான் மறிக்கேல்லை. என்ர மருமகன், சின்ன மாமாவின்ர மூத்தவன், இப்ப நிலாவெளியில ஆக்களைக் கூட்டிக்கொண்டு சுழியோடுறான் எல்லே, எங்கட சீசன் முடிய அவனும் தெற்குக்குத்தான் வேலைக்குப் போறவன், அவனைக் கூப்பிட்டு இருத்தி வச்சு எல்லாம் விளக்கமாக் கேட்டனான். ஹிக்கடுவயில முருகைக்கல் பாக்கலாம் எண்ட எண்ணத்தில போகாதயாம். 1998இல கடல் சூடாகி அனேகமா எல்லாம் வெளுத்துச் செத்த இடம், இப்ப அங்க பாக்கிறதெண்டா வெளியில தள்ளிக் கிடக்கிற பாறையளும் பழைய கப்பலுகளும்தான். கொன்ச் எண்டு 1903இல தாண்ட எண்ணெய்க் கப்பல் ஒண்டு, ஆழம் 20 மீற்றர் சொச்சம். உனவட்டுனப் பக்கம் 1871இல தாண்ட ரங்கூன், அது 30 மீற்றரில கிடக்கு. கொழும்பில நிறையக் கப்பல் இருக்காம், மீனும் நிறையவாம், ஆனா நீரோட்டம் இழுக்கிற இடமாம். 2021இல எரிஞ்ச கப்பலுக்கே இவள் போகப் போறாள் எண்டு அப்பா பயந்து கேட்டவர், அது இல்லை, இதுகள் வேற எண்டு மருமகன் சொன்னாப் பிறகுதான் சாப்பிட எழும்பினவர். உன்னோட கதைக்க மாட்டன் எண்டு இருக்கிற மனுசன், ஆனா இதெல்லாம் கேக்கிறார்.

எங்க போனாலும் உன்ர லைசன்ஸில என்ன ஆழம் போட்டிருக்கோ அதுக்கு மேல போகாத. ஓப்பன் வாட்டர் மட்டும் எண்டா 18 மீற்றர், அட்வான்ஸ்ட் செய்திருந்தா 30. நீ எது செய்தனீ எண்டு தம்பிக்கும் தெரியேல்லை, எனக்கும் தெரியேல்லை. என்ர பிள்ளை சுழியோடப் படிச்சதே நான் அவன்ர ஃபோனில படம் பாத்துத்தான் அறிஞ்சனான். படத்தில நல்லா இருக்கிறாய். வடிவா இருக்கிறாய் எண்டு சொல்லேல்லை, மெலிஞ்சு போனாய், ஆனா அந்த டாங்கைக் கட்டிக்கொண்டு நிக்கிற நிலையில ஒரு தைரியம் தெரியுது, அதைப் பாத்து எனக்குப் பெருமையாத்தான் இருந்தது. எங்கட குடும்பத்தில பொம்பிளைப்பிள்ளை ஒண்டும் கழுத்தளவு தண்ணிக்கு அங்கால போனதில்லை.

இனி ஹேர்மிஸ். அம்மம்மா சொல்லுற கதையை நீ கேட்டுக் கேட்டு நித்திரை கொள்ளாமல் இருந்தது எனக்கு ஞாபகம், அதால அந்தப் பேர் உன்னை இழுக்கிறது எனக்கு விளங்குது. 1942 ஏப்ரலில ஜப்பான்காரன் வாறான் எண்டு கேள்விப்பட்டு எங்கட ஹாபரில நிண்ட அந்தக் கப்பலை 8ஆம் திகதி இரவே வெளியில அனுப்பிப்போட்டாங்கள், ஊரில குண்டு விழ அம்மம்மாவை இடுப்பில தூக்கிக்கொண்டு சனம் காட்டுப்பக்கம் ஓடின அதே 9ஆம் திகதி, மட்டக்களப்புக்கு நேர வச்சு அதை அடிச்சுத் தாட்டாங்கள். விமானந்தாங்கிக் கப்பல், ஆனா அண்டைக்கு மேல விமானம் ஒண்டும் இல்லை. 307 பேர் செத்தது. அவையள் கனபேர் இன்னும் அதுக்குள்ளதான் கிடக்கினம் பிள்ளை, அது பாக்கிற இடம் மட்டும் இல்லை.

ஆழம் 50 மீற்றருக்கும் கீழ. பொழுதுபோக்குக்குச் சுழியோடுறவைக்கு எல்லையே 40 மீற்றராம். ஹேர்மிஸ் கிடக்கிற 50 மீற்றரில அமுக்கம் மேல இருக்கிறதைப் போல ஆறு மடங்கு, மேல ஒரு மணித்தியாலம் வாற காத்து அங்க பத்து நிமிசத்தில முடியும். 30 மீற்றர் தாண்டினாலே நைட்ரஜன் மண்டைக்கு ஏறி வெறிச்ச மாதிரி வரும், தனக்கு வெறிக்குது எண்டு அந்த ஆளுக்கே தெரியாதாம், அதுதான் பயம். ஏறி வரேக்கயும் நினைச்ச உடன ஏறேலாது, இடையில இடையில நிண்டு நிண்டு வரோணும், நிக்காமல் வந்தா ரத்தத்தில கரைஞ்சது குமிழாக் கிளம்பி கை கால் விளங்காமப் போகும். அதுக்கெண்டு கனகாலம் தனியாப் படிச்சு வேற காத்துக் கலவை கொண்டுபோறவைதான் அங்க இறங்கினமாம். மருமகன் இத்தனை வருசம் இந்தத் தொழில் செய்யிறான், அவன் போகேல்லை, கேட்டா எனக்கு இன்னும் தகுதி வரேல்லை மாமி எண்டு சொல்லுறான்.

இன்னொண்டு. டைவ் பண்ண முதல் ஒரு ஃபோர்ம் தருவினமாம், முட்டு வருத்தம் இருந்ததோ, இன்ஹேலர் பாவிச்சதோ எண்டு கேக்கிற ஃபோர்ம். நீ என்ன எழுதினனீ? எத்தினை இரவு உன்னை நிமிர்த்தி வச்சுக்கொண்டு நானும் அப்பாவும் இருந்தனாங்கள். இப்ப சுகம் எண்டு நீ சொல்லுவாய், சுகமாத்தான் இருக்கும், ஆனா மேல ஏறேக்க நெஞ்சுக்க இருக்கிற காத்து விரியும், அது வெளியில வர வழி இல்லாமல் ஒரு சின்னக் குழாய் அடைச்சுக்கொண்டா நெஞ்சு கிழிஞ்சுபோகும், அதுக்கு 50 மீற்றர் தேவையில்லை, சும்மா நாலஞ்சு மீற்றரே காணும். ஓம் எண்டு எழுதினா டொக்டரின்ர கையெழுத்துக் கேப்பினம், அவ்வளவுதானே, போய் எடு. லண்டனில இல்லாத டொக்டரே. இல்லை எண்டு மட்டும் எழுதாத.

நீ தனிய இறங்கிறதில்லைத்தானே? சோடியாத்தான் இறங்கோணும் எண்டுதான் படிப்பிக்கிறவையாம். படத்தில உன்னைத் தவிர ஆரையும் காணேல்லை, அதால கேக்கிறன். ஆவணியில நடந்ததைப் பற்றி நான் கேக்கேல்லை, கேக்கவும் மாட்டன், அவையின்ர வீட்டில இருந்து ஃபோன் எடுத்தவை, நான் கதைச்சு முடிச்சிட்டன், அது உனக்கு இனித் தேவையில்லை. ஆனா அதுக்குப் பிறகுதான் நீ இந்தக் கடலுக்க இறங்கத் தொடங்கினாய் எண்டு மாசத்தை எண்ணிப் பாக்க எனக்குத் தெரியுது. தண்ணிக்குள்ள ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம், அமைதியா இருக்கும் எண்டு தம்பிக்கு எழுதியிருந்தாய். அதை வாசிச்சுப்போட்டு நான் கனநேரம் அப்பிடியே இருந்தனான். அமைதி நல்லதுதான் பிள்ளை, ஆனா 18 மீற்றரில கிடைக்காத அமைதி 50இல கிடைக்குமோ? எனக்குப் படிப்பில்லை, நீதான் சொல்லோணும். அங்க இறங்கிறவை ஏறி வாறதை நினைச்சுக்கொண்டுதான் இறங்கோணும் எண்டு மருமகன் சொன்னவன். நீயும் அப்பிடித்தானே.

என்னைக் கேட்டா டிசம்பரை விடு, ஜூனில வா. கடல் கண்ணாடி மாதிரிக் கிடக்கிற மாசம். புறாத்தீவு இருக்கு, 2003இல தேசியப் பூங்கா ஆக்கினாப் பிறகு ரிக்கெற் எடுத்துத்தான் போகோணும், செட்டை நுனி கறுத்த சுறா இப்பவும் திரியுதாம், ஒண்டும் செய்யாதாம். லீவு நாளில போகாத, சனம் முருகைக்கல்லில ஏறி நிண்டு படம் எடுக்கிறதைப் பாத்தா உனக்கு ஆத்திரம்தான் வரும், அவ்வளத்தையும் மிதிச்சு நாசமாக்கிப்போட்டுதுகள். அதைவிட கோணேசர் மலைக்குக் கீழ இறங்கு. போர்த்துக்கேயர் கோயிலை இடிச்சுத் தள்ளின தூண்கள் அந்தப் பாறையளுக்க கிடக்கு, 1956இல ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இறங்கிப் பாத்துத்தான் வெளி உலகத்துக்குத் தெரிஞ்சது. எங்கட ஆக்கள் தலைமுறை தலைமுறையா மேல நிண்டு கும்பிட்ட இடத்தை நீ கீழ போய்க் கும்பிட்டா அம்மம்மா இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பா எண்டு யோசிச்சுப் பாத்தன். பேசியிருக்க மாட்டா. ஒண்டையும் தொடாத, எடுக்காத, அது மட்டும்தான்.

கப்பல்தான் வேணும் எண்டா கல்குடாவுக்குப் போ. பிரிட்டிஷ் சார்ஜன்ட் எண்டு ஒரு எண்ணெய்க் கப்பல், ஹேர்மிஸ் தாண்ட அதே நாள், அதே ஜப்பான்காரன் அடிச்சுத் தாண்டது, ஆனா 30 மீற்றருக்கு உள்ளதான் கிடக்கு. அம்மம்மாவின்ர கதையில வாற அதே நாள்தான், உனக்கு அது காணாதோ? அதுக்கும் அட்வான்ஸ்ட் வேணும், இல்லாட்டி முதல் அதைச் செய்துபோட்டு வா.

இல்லை டிசம்பர்தான், லீவு மாத்தேலாது எண்டா, 26ஆம் திகதி மட்டும் தண்ணிக்க இறங்காத. ஏன் எண்டு நான் எழுதத் தேவையில்லை. மற்றது உன்ர சிநேகிதப் பிள்ளையள் எல்ல, நுவரெலியா, மலைநாட்டு ரயில் எண்டு கேக்குங்கள், அதை முதல்ல முடிச்சுப்போட்டுப் பிறகு கடலுக்குப் போங்கோ. சுழியோடினாப் பிறகு உடன மலைக்கு ஏறக் கூடாதாம், பிளேன் ஏறின மாதிரித்தான் அதுவும், நுவரெலியா 1800 மீற்றருக்கு மேல எல்லே. பிளேனுக்கும் கடைசி டைவ் முடிஞ்சு 18 மணித்தியாலமாவது போகோணும், நான் சொல்லுறன் ஒரு முழு நாள் விடு. அந்த ஒரு நாளைக்கு காலியில ஹொட்டலில கிடக்காமல் இஞ்ச வரலாம், பாதை மலைக்கு ஏறாது, மருமகனிட்ட அதையும் கேட்டு வச்சிருக்கிறன். மழையெண்டாலும் பரவாயில்லை, சிநேகிதப் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வா. ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம், அப்பாவுக்கும் சொல்லி வச்சிட்டன்.

திரும்பச் சொல்லுறன், லைசன்ஸில என்ன ஆழமோ அவ்வளவுதான், ஃபோர்மில உண்மை எழுது, தனிய இறங்காத. ஜூன் எண்டா மருமகனுக்கு இப்பவே சொல்லோணும், சீசனில அவன்ர போட்டில இடம் கிடைக்கிறது கஷ்டம், உனக்கெண்டா தானே கூட இறங்குவன் எண்டு சொல்லுறான். டிசம்பரோ ஜூனோ எண்டு ஒரு வரி போடு, ஹேர்மிஸ் இல்லை எண்டும் ஒரு வரி போடு. தம்பிக்குப் போடாத, எனக்குப் போடு.

அன்புடன்,
அம்மா