என் மகளுக்கு 17 முறை மயக்கம் கொடுத்தார்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'மூளையைப் பாதிக்கும்' என்ற ஒரு வரியிலேயே எத்தனை வீடுகளில் தூக்கம் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் மகளுக்கு 3 வயது முடிவதற்குள் 17 முறை மயக்கம் கொடுத்திருக்கிறார்கள்.

9 மாதக் குழந்தையாக இருந்தபோது அவளுடைய இடது கண் வெளிச்சத்தில் பூனைக்கண் போல வெள்ளையாக மின்னியது. ரெட்டினோபிளாஸ்டோமா என்றார்கள். விழித்திரையில் வரும் புற்றுநோய். ஏறத்தாழ 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும். இமையை விரித்துப் பிடித்து, விழித்திரையின் ஓரம் வரை அழுத்திப் பார்க்க வேண்டும். கைக்குழந்தை அதற்கு அசையாமல் கிடக்குமா? மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை மயக்கம் கொடுத்துத்தான் பார்த்தார்கள், லேசர் வைத்தார்கள்.

ஐந்தாவது முறைக்கு முன்பு ஒரு செய்தி கண்ணில் பட்டது. 3 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு 3 மணி நேரத்துக்கு மேலோ, பல தடவையோ மயக்க மருந்து கொடுத்தால் மூளை வளர்ச்சி பாதிக்கப்படலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016 டிசம்பரில் எச்சரித்திருந்தது. 'இந்த ஒரு தடவை விட்டுவிடலாம்' என்று வீட்டில் முடிவு செய்தோம். ஐந்து வாரம் கழித்துப் போனால், அடங்கியிருந்த கட்டிக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று. அந்த ஐந்து வாரத்தை இன்றும் நினைத்து நினைத்து அழுகிறேன்.

அதே நிர்வாகம் 2017 ஏப்ரலில், அவசியமான சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது. உங்கள் கட்டுரையில் அது இல்லை. பயத்துக்கு ஆரம்பம் 2003இல் வந்த எலி ஆய்வு. பிறந்து 7 நாளான எலிக்குட்டிகளுக்கு 6 மணி நேரம் மயக்க மருந்துகள் கொடுத்ததில் மூளைச் செல்கள் செத்தன. ஆனால் 722 குழந்தைகளைக் குடலிறக்க அறுவைக்கு இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு முதுகில் மரத்துப்போகும் ஊசி மட்டும், பாதிப் பேருக்கு முழு மயக்கம் கொடுத்து 5 வயது வரை பார்த்தார்கள். மயக்கம் சராசரியாக ஒரு மணி நேரம் போலத்தான். அறிவுத்திறனில் வித்தியாசமே இல்லை என்று 2019இல் முடிவு வந்தது.

சரி, பல முறை கொடுத்தால்? எனக்கு வேண்டியது அந்தப் பதில்தான். அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை 997 பேரைச் சோதித்து 2018இல் வெளியிட்டது. 3 வயதுக்குள் பல முறை மயக்கம் பெற்றவர்களுக்கும் பொது அறிவுத்திறன் மற்றவர்களைப் போலவே இருந்தது. ஆனால் விரல் வேலை, யோசிக்கும் வேகம் இரண்டிலும் கொஞ்சம் பின்தங்கினார்கள். வாசிப்பிலும் நடத்தையிலும் சிரமம் இருப்பதாகப் பெற்றோர் கூடுதலாகச் சொன்னார்கள். அது மருந்தாலா, மயக்கம் தேவைப்பட்ட நோயாலா என்று அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இதைப் படித்த பிறகு எனக்குப் பயம் முழுவதும் போகவில்லை. ஆனால் கட்டிக்குப் பயப்படுகிற அளவு இதற்குப் பயப்படவில்லை.

இதை எனக்கு உட்கார வைத்துச் சொன்னவர் ஒரே ஒரு மயக்க டாக்டர், அதுவும் ஒன்பதாவது முறை. அவள் நெற்றியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் எதற்கு என்று கேட்டேன். மூளை அலையைப் பார்க்க என்றார். பெரியவர்களுக்கு மயக்கத்தில் தெரிகிற ஆல்ஃபா என்ற ஒரு வகை மூளை அலை, பிறந்து 3 மாதம் வரை குழந்தைகளிடம் வராதாம், பிறகுதான் தோன்றுமாம். அதனால் பெரியவர்களுக்கான கணக்கைச் சிசுவுக்கு அப்படியே போட முடியாது, மருந்தை அளந்து அளந்து கொடுக்கிறோம் என்றார். அன்றுதான் நிம்மதியாக வெளியே உட்கார்ந்தேன். அதற்கு முன் எட்டு முறையும் ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கியதோடு சரி.

மருத்துவமனைகளுக்கு இரண்டு வேண்டுகோள். எம்.ஆர்.ஐ. ஒரு நாள், கண் பரிசோதனை இன்னொரு நாள் என்று வைக்காமல், முடிந்தவரை ஒரே மயக்கத்தில் இரண்டையும் முடியுங்கள். எங்களுக்கு அப்படி மூன்று மயக்கம் மிச்சமாகியிருக்கும். அப்புறம், கையெழுத்து வாங்கும் படிவத்தைத் தமிழில் கொடுங்கள். முந்தைய நாளே கொடுங்கள். விடிகாலை நாலு மணியிலிருந்து பால் இல்லாமல் அழுகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எந்தத் தாயாலும் படிக்க முடியாது.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு தாய்,
திண்டுக்கல்